தொலைந்த வேர்ட் ஃபைல்: சாஃப்ட்வேரா, கடையா, லேபா, திரும்ப அடிப்பதா?

பாளையங்கோட்டை கோர்ட்டு வட்டாரத்து டைப்பிங் சென்டர்களில், சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர்களிடம், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு கொடுக்க ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. அடித்து வைத்த வேர்ட் ஃபைலைக் காணோம். ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாமா, சர்வீஸ் கடையில் கொடுக்கலாமா, சென்னையிலுள்ள டேட்டா ரெகவரி லேபுக்கு அனுப்பலாமா, பேசாமல் திரும்ப அடித்துவிடலாமா?

கேட்பதற்குள்ளேயே பலர் ஏதோ ஒரு சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து, ஃபைல் தொலைந்த அதே டிரைவில் இன்ஸ்டால் செய்து முடித்திருப்பார்கள். மீண்டிருக்கக்கூடிய ஃபைல் பலமுறை அங்கேதான் சாகிறது. என்னைக் கேட்டால் ரெகவரி சாஃப்ட்வேர் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் காசே செலவாகாத இரண்டு வழிகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பிழைப்புக்கு அவை இரண்டுமே பெரும்பாலும் போதும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், ஃபைல் எப்படிப் போனது என்பது. சேவ் செய்யாமலே கரண்ட் போய்விட்டதா? சேவ் ஆன ஃபைலின் மேல் வேறு ஒன்றை எழுதிவிட்டோமா? டெலீட் ஆகிவிட்டதா? ஃபைல் இருக்கிறது, ஆனால் திறக்க மறுக்கிறதா? டிஸ்கே செத்துவிட்டதா? ஐந்தும் ஐந்து விதமான தொலைதல். ஒன்றுக்குச் சரியான வழி இன்னொன்றுக்குப் பயன்படாது.

இரண்டாவது, ஃபைல் எதில் இருந்தது என்பது. சுழல்கிற பழைய ஹார்டு டிஸ்கில் டெலீட் செய்தால் ஃபைலின் பெயர்ப் பதிவுக்குத்தான் ‘இந்த இடம் காலி’ என்று குறி விழும். உள்ளே இருந்த எழுத்து, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். சுழலும் தட்டே இல்லாத, புது லேப்டாப்களில் வருகிற எஸ்எஸ்டியில் கதை வேறு. டெலீட் ஆன இடத்தை விண்டோஸ் ‘டிரிம்’ என்ற கட்டளையால் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டியும் தன் போக்கில் அதைத் துடைத்துவிடும். புது லேப்டாப்பில் டெலீட் ஆன ஃபைலை எந்தச் சாஃப்ட்வேராலும் எடுக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். பென்டிரைவில் பெரும்பாலும் இந்தத் துடைப்பு நடப்பதில்லை, அதனால் அதில் நம்பிக்கை அதிகம்.

மூன்றாவது, அந்த எழுத்தின் மதிப்பு. நான்கு பக்க மனுவும் இருநூறு பக்க ஆய்வேடும் ஒன்றல்ல. நான்காவது, முயற்சி தோற்றால் நிலைமை இன்னும் மோசமாகுமா என்பது. ஐந்தாவது ரகசியம். பத்திரம் எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் ஊரார் ஆதார் நகல், பான் நகல், சொத்து விவரம் எல்லாம் கிடக்கும். அந்த டிஸ்கை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் ஒரு செலவுதான்.

| வழி | எப்போது கைகொடுக்கும் | வெளியே தெரியும் செலவு | தெரியாத செலவு |
|---|---|---|---|
| வேர்டுக்குள் தேடுதல் | சேவ் செய்யாதது, திறக்காத ஃபைல் | இல்லை | நாள் கடந்தால் போய்விடும் |
| வெளியே போன பிரதி | ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் | இல்லை | கடைசித் திருத்தங்கள் இருக்காது |
| ரெகவரி சாஃப்ட்வேர் | ஹார்டு டிஸ்க், பென்டிரைவில் டெலீட் ஆனது | இல்லை, அல்லது லைசென்ஸ் விலை | மேலெழுதும் ஆபத்து, பெயரில்லாத ஃபைல் குவியல் |
| உள்ளூர் சர்வீஸ் கடை | கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபோது | சில நூறு முதல் | ஃபார்மட், ரகசியம் |
| டேட்டா ரெகவரி லேப் | டிஸ்க் செத்தது, நனைந்தது | பல ஆயிரம் முதல் | காத்திருப்பு, பயணம் |
| திரும்ப அடித்தல் | சிறிய வேலை, அச்சுப் பிரதி இருக்கும்போது | டைப்பிங் கூலி | சரிபார்க்கும் உழைப்பு |

## வேர்டுக்குள்ளேயே தேடுவது

கரண்ட் போய் வந்தபின் வேர்டைத் திறந்தால், இடப் பக்கம் மீட்டெடுத்த ஃபைல்களின் பட்டியல் வரும். அவசரத்தில் அதை மூடிவிடுகிறார்கள். மூடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து, புதுப் பெயரில் சேவ் செய்ய வேண்டும்.

பட்டியல் வராவிட்டால் ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் மேனேஜ் டாக்குமென்ட், அதற்குள் ‘ரெகவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்’ என்று போக வேண்டும். ஒருமுறைகூட சேவ் செய்யாமல் மூடிய ஃபைலுக்கும் இங்கே ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. ஆனால் வேர்ட் அதை நான்கு நாள்தான் வைத்திருக்கும். வெள்ளிக்கிழமை தொலைத்துவிட்டு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதோடு சரி. வேர்ட் தானாக எடுத்து வைக்கும் இடைவெளி, யாரும் மாற்றாதவரை 10 நிமிடம். அதாவது கடைசி 10 நிமிட வேலை எப்படியும் போகலாம். ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் அதை 2 நிமிடமாகக் குறைத்துவிடலாம். யூபிஎஸ் பேட்டரி படுத்துப்போன கடைகளில் இதை இன்றைக்கே செய்ய வேண்டும்.

மேலெழுதிய ஃபைலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்திர ஆபீஸ்களில் அதிகம் நடப்பது இதுதான். பழைய கிரையப் பத்திரம் ஒன்றைத் திறந்து, எழுதிக் கொடுப்பவர் பெயர், சர்வே எண், நான்குமால் விவரம் எல்லாம் மாற்றி, ‘சேவ் ஆஸ்’ கொடுப்பதற்குப் பதில் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிடுவார்கள். பழைய பத்திரம் போய்விட்டது. இந்த இடத்தில் வேர்டை மூடாமல் இருந்தால் போதும். சேவ் செய்த பிறகும் கன்ட்ரோல் இசட் வேலை செய்யும். முதலில் இப்போதுள்ளதைப் புதுப் பெயரில் சேவ் செய்துகொண்டு, பிறகு கன்ட்ரோல் இசட்டை விடாமல் அழுத்திப் பழைய எழுத்து வரும்வரை பின்னால் போய், அதை இன்னொரு பெயரில் சேவ் செய்துவிடலாம். வேர்டை மூடிவிட்டால் இந்தக் கதவு அடைந்துபோகும். பிறகு எந்தச் சாஃப்ட்வேரும் இதற்குப் பெரிதாக உதவாது.

ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் ‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்று ஒரு டிக் பெட்டி உண்டு. அதைப் போட்டு வைத்தால் ஒவ்வொரு சேவின்போதும் அதற்கு முந்தைய பிரதி ஒன்று மட்டும் அதே ஃபோல்டரில் தனியாக நிற்கும். பத்திர ஆபீஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேர்டில் வேறு இல்லை.

ஃபைல் இருக்கிறது, திறக்கத்தான் மாட்டேன் என்கிறது என்றால், ஓப்பன் பெட்டியில் ஃபைலைத் தேர்ந்துகொண்டு, ஓப்பன் பொத்தானின் பக்கத்து அம்புக்குறியில் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ கொடுக்க வேண்டும். அதுவும் தோற்றால், ஃபைல் வகையில் ‘ரெகவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்’ உண்டு. கட்டங்கள், படங்கள், ஃபான்ட் எல்லாம் போய் வெறும் எழுத்து மட்டும் வரும். வேர்ட் கைவிட்ட ஃபைலை லிப்ரே ஆபீஸ் சிலசமயம் திறந்துவிடும். அது இலவசம் என்பதால் முயன்று பார்க்கலாம்.

தமிழில் அடிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. இப்படி மீட்ட ஃபைலைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ கிறுக்கலாகத் தெரியும். ‘கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடுவார்கள். பழைய ஃபைல் பாமினியிலோ வேறு பழைய ஃபான்டிலோ அடித்ததாக இருந்தால், உள்ளே இருப்பது உண்மையிலேயே அந்த ஆங்கில எழுத்துகள்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது ஃபான்ட் மட்டுமே. கன்ட்ரோல் ஏ அழுத்தி, ஃபான்டைப் பாமினிக்கு மாற்றினால் முழுப் பத்திரமும் தமிழில் வந்து நிற்கும். எந்த ஃபான்டில் அடித்தது என்று தெரியாவிட்டால், அந்தக் கடையில் இன்ஸ்டால் ஆகியிருந்த ஃபான்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். இதே காரணத்தால் விண்டோஸ் தேடல் பெட்டியில் யூனிகோடு தமிழில் தேடினால் பாமினி ஃபைல் அகப்படாது. பாமினியில் அந்தச் சொல்லை அடிக்கத் தட்டுகிற ஆங்கில எழுத்து வரிசையைத்தான் தேட வேண்டும்.

## ஏற்கெனவே வெளியே போன பிரதி

நம் ஊரில் எந்த வேர்ட் ஃபைலும் ஒரே கம்ப்யூட்டரில் பிறந்து அங்கேயே இருப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை என்றால் புரூஃப் பார்க்க வாட்ஸ்அப்பில் போயிருக்கும். ஆய்வேடு என்றால் நெறியாளருக்கு மெயிலில் போயிருக்கும். மனு என்றால் ஜெராக்ஸ் கடைக்கு பிரின்ட் எடுக்கப் போயிருக்கும். ஆகவே தேடலை இங்கே தொடங்குவது எல்லாவற்றிலும் லாபம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைல் போனின் உள் சேமிப்பில் ‘வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள், ‘சென்ட்’ என்ற உள்ஃபோல்டரில் இருக்கும். நம்மிடம் இல்லாவிட்டாலும் வாங்கியவரிடம் இருக்கும். கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும். ‘அண்ணாச்சி, போன மாசம் புரூஃப் அனுப்புனேன்லா, அத கொஞ்சம் திரும்ப அனுப்புதியளா’ என்று ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு லேப் வரை போனவர்களும் உண்டு. ஜிமெயிலில் ‘சென்ட்’ பகுதியில் இணைப்புள்ள கடிதங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பிரின்ட் எடுத்த கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் கிடக்கலாம். கிடைத்ததும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து அழிக்கச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு. புது லேப்டாப்பில் முதல்முறை லாகின் செய்யும்போது கேட்கிற கேள்விக்கெல்லாம் ‘எஸ்’ கொடுத்தவர்களுக்கு, டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அவர்களுக்குத் தெரியாமலே ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருக்கும். பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து முதலில் ரீசைக்கிள் பின்னைப் பார்க்க வேண்டும். சொந்தக் கணக்கில் 30 நாள் வரை அங்கே இருக்கும். மேலெழுதிய ஃபைலாக இருந்தால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் முந்தைய பிரதிகள் இருக்கும். கூகுள் டிரைவிலும் குப்பைத்தொட்டி 30 நாள்தான்.

இந்த வழியின் குறை, கிடைப்பது கடைசிப் பிரதியாக இராது என்பது. நெறியாளருக்கு அனுப்பியபின் எழுதிய அத்தியாயம் அதில் இல்லை. ஆனால் இருநூறு பக்கத்தில் நூற்றெண்பது பக்கம் கையில் வந்துவிட்டால், மீதி இருபதுக்காக எவ்வளவு செலவு செய்யலாம் என்று அமைதியாக யோசிக்க முடியும். முடிவே மாறிவிடும்.

## ரெகவரி சாஃப்ட்வேர்

டெலீட் ஆன ஃபைல், ரீசைக்கிள் பின்னிலும் இல்லை, வெளியே பிரதியும் இல்லை, சுழலும் ஹார்டு டிஸ்கிலோ பென்டிரைவிலோ இருந்தது. இந்த நிலைக்குத்தான் சாஃப்ட்வேர். பென்டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கே போகாது என்பதால், பென்டிரைவ்காரர்களுக்கு இது சீக்கிரமே தேவைப்படும்.

இலவசமாகவே நல்லவை உண்டு. ரெகுவா, பழகாதவருக்கும் எளிது. போட்டோரெக், பெயரில் போட்டோ இருந்தாலும் வேர்ட் ஃபைலையும் எடுக்கும். வேலையில் கெட்டி, ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. எண் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைல்களில் நம்முடையதை நாமே தேட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டே 2020இல் விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்று ஒன்றை வெளியிட்டது. கட்டளை அடித்துத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் எல்லோருக்கும் கைவராது. காசு கேட்கிற சாஃப்ட்வேர்கள் பலவும் தேடிக் காட்டுவது வரை இலவசம், எடுத்துத் தருவதற்குக் காசு. முன்னோட்டத்தில் ஃபைலின் உள்ளே இருக்கும் எழுத்தே தெரிந்தால் மட்டும் வாங்கலாம். பெயர் பட்டியலில் தெரிகிறது என்பதற்காக வாங்கினால், திறக்காத ஃபைலுக்குக் காசு கொடுத்ததாக முடியும். ‘கிராக்’ செய்த பிரதியைத் தேடிப் போவது எல்லாவற்றிலும் கேடு. இருக்கிற மற்ற ஃபைலையும் பூட்டிப்போடுகிற வைரஸ்கள் அந்த வழியாகவும் உள்ளே வருகின்றன.

விதிகள் இரண்டு. தொலைந்த டிரைவில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது. மீட்ட ஃபைலையும் அதே டிரைவில் இறக்கக் கூடாது. சி டிரைவில் தொலைந்தது என்றால் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் ஒழுங்கு.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நுணுக்கம். பென்டிரைவிலேயே ஃபைலைத் திறந்து அடித்து, வேர்டை மூடாமல் பிடுங்கினால் ஃபைல் உடைந்துபோகும். ஆனால் வேர்ட் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் ஒன்றை எழுதிப் பிறகு அழிக்கும். அவற்றின் பெயர் அலைக்கோட்டுக் குறியில் தொடங்கும். டிரைவை ரெகுவாவில் தேடும்போது வேர்ட் ஃபைல் என்று மட்டும் வடிகட்டாமல் எல்லா வகையும் காட்டச் சொன்னால், அழிந்த இந்தத் தற்காலிக ஃபைல்கள் தெரியும். கொஞ்சம் முந்தைய சேவின் முழு ஆய்வேடும் அதில் ஒன்றில் இருக்க நல்ல வாய்ப்புண்டு. எடுத்து, பெயரின் கடைசியை வேர்ட் ஃபைலுக்கு உரியதாக மாற்றித் திறக்க வேண்டும்.

## உள்ளூர் சர்வீஸ் கடை

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, விண்டோஸ் ஏறவில்லை, ஆனால் டிஸ்கில் வினோதச் சத்தம் எதுவும் இல்லை. இதற்கு நெல்லை வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ தெரிந்த கடை போதும். டிஸ்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும்.

கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியது ஒன்று: ‘அண்ணாச்சி, சிஸ்டம் ஓடலைன்னாலும் பரவாயில்ல, ஃபார்மட் மட்டும் அடிச்சிராதிய.’ வாயால் சொன்னால் போதாது, ரசீதிலும் எழுதி வாங்க வேண்டும். விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தருவதுதான் கடைக்காரருக்குத் தெரிந்த பழுது நீக்கம். நமக்கு வேண்டியது ஃபைல். இரண்டு பேரும் ஒரே வேலையைப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேறு வேறு வேலையைப் பேசுவதால்தான் பிரச்சினை வருகிறது. விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் டிஸ்கையே பூட்டிவைக்கிற பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல், கழற்றிய டிஸ்கை யாராலும் படிக்க முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் லாகின் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும்.

## டேட்டா ரெகவரி லேப்

டிஸ்க் டிக் டிக்கென்று அடிக்கிறது, கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது. இந்த மூன்றுக்கும் வேறு வழி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது நெல்லையிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் தரைத்தளத்துக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி நனைந்த கம்ப்யூட்டரைக் காயவைத்து ஆன் செய்து பார்ப்பதுதான் நம் கை முதலில் செய்கிற வேலை. டிஸ்குக்கு அதுதான் எமன். உள்ளே போன சேற்று நீர் காய்ந்து தட்டில் ஒட்டும். சுழலத் தொடங்கியதும் படிக்கும் முனை அதில் உரசித் தட்டையே கீறிவிடும். ஆன் செய்யாமல், வெயிலில் வைக்காமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அனுப்ப வேண்டும்.

தூசியில்லா அறையில் டிஸ்கைத் திறந்து வேலை செய்கிற லேபுகளுக்குச் சென்னை, பெங்களூரு போக வேண்டும். கூரியரைவிட நெல்லை எக்ஸ்பிரஸில் போகிற சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்புவதே எனக்கு நிம்மதி. செலவு பல ஆயிரத்தில் தொடங்கும், டிஸ்கைத் திறக்க வேண்டியிருந்தால் பத்தாயிரங்களில் போகும். பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா, டேட்டா கிடைக்காவிட்டால் காசு உண்டா, எந்த ஃபைல்கள் கிடைக்கும் என்று காசு கட்டும் முன் பட்டியல் தருவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வேர்ட் ஃபைலுக்காக இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பல வருடப் பத்திரங்கள், ஆய்வின் களத் தரவுகள், குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே டிஸ்கில் இருந்தால் கணக்கு மாறும். டிக் டிக் சத்தம் கேட்டபின் ‘இன்னும் ஒருதடவை’ என்று சாஃப்ட்வேர் ஓட்டியவர்களுக்கு லேபிலும் கிடைப்பது குறைவு.

## திரும்ப அடிப்பது

இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்துப் பக்கத்துக்குள் அடங்கும் வேலை என்றால், வேர்டுக்குள் தேடி, வாட்ஸ்அப்பில் தேடிக் கிடைக்காத நிமிடமே கீபோர்டில் கை வைத்துவிடுவேன். சொந்தமாக எழுதியதாக இருந்தால் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். யோசிக்கிற வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, இரண்டாம் முறை விரைவாக வரும். ஒரு வாரம் போனால் அதுவும் மறந்துபோகும்.

அச்சுப் பிரதி இருந்தால் அடிக்கவே வேண்டாம். போனில் நிழல் விழாமல் படம் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் தமிழ் எழுத்தாகவே மாற்றித் தரும். படம் 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. கூகுள் லென்ஸாலும் பக்கம் பக்கமாக எடுக்கலாம். பத்திரம் எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. பதிவான பத்திரத்துக்குப் பதிவுத் துறையிலிருந்து சான்றிட்ட நகல் வாங்க முடியும், கட்சிக்காரர் வீட்டிலும் அசல் இருக்கும்.

இப்படி மாற்றியதில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும், புள்ளிகள் விட்டுப்போயிருக்கும், 3 என்பது 8 ஆகியிருக்கும். வாக்கியப் பிழையைக் கண் பிடித்துவிடும். எண் பிழையைப் பிடிக்காது. சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், ஆவண எண், தேதி, பரப்பளவு, தொகை இவற்றை ஒருவர் அச்சுப் பிரதியிலிருந்து வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அது முடியும் வரை பிரின்ட் கொடுக்கக் கூடாது.